எடுத்தாச்சு

பிப்ரவரி 6

பயிற்சிக் கூடத்தில் ஏசி போட்டதிலிருந்து யாரும் விழித்திருப்பதில்லை. ஷிப்ட் முடித்து நேராக வருகிறார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த உடனே தலை சாய்கிறது. ‘மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது’ என்று ஆரம்பிக்கிறேன். அதற்குள் நானும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் மின்சாரம் படித்தவன் அல்ல. மொழி படித்தவன். உருக்காலைத் தொழிலாளர்களுக்கு மின் பாதுகாப்பைப் புரிகிற மாதிரி சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். அணை, பூட்டு, சோதி, பிறகு தொடு. வாரம் முழுக்க இதே நான்கு வினைச்சொற்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமா. அக்காவின் கணவர், அதே ஆலையில் காண்ட்ராக்ட்டில் கேபிள் வேலை.

“என்ன வாத்தியாரே, இன்னைக்கு எத்தனை பேரைத் தூங்க வெச்சீங்க?”

“எல்லாரையும்.”

“அப்ப பாதுகாப்புதான். தூங்குறவன் எதையும் தொட மாட்டான்.”

அக்கா சிரித்தாள். நானும்தான்.

பிப்ரவரி 13

இன்று வகுப்பில் ஒரு தகராறு. தன் வகுப்பைத் தவறவிட்ட கண்ட்ரோல் ரூம்காரர் ஒருவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். மாமாவின் குழுவில் ஒருவரை ட்யூப்லைட் என்பார்கள், எதைச் சொன்னாலும் சற்று நேரம் கழித்துத்தான் எரிவார். அவர் எழுந்து பழைய சம்பவம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

“கண்ட்ரோல் ரூம்லேர்ந்து போன்ல லைன் எடுத்தாச்சுன்னாங்க. நாங்க போய்ப் பெட்டியைத் திறந்தோம்...”

கண்ட்ரோல் ரூம்காரர் திரும்பினார். “எடுத்தாச்சுன்னா எப்படிய்யா திறப்பே?”

“எடுத்தாச்சுன்னாதானே திறக்க முடியும்?”

“எடுத்தாச்சுன்னா சர்வீஸ்ல எடுத்தாச்சுன்னு அர்த்தம். கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம்.”

“எங்க வீட்ல கரண்டை எடுத்துட்டான்னா இருட்டுன்னு அர்த்தம்.”

கூடமே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட. அன்று எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

“கரண்ட் இருக்குன்னு டெஸ்டர் கத்துச்சு சார்” என்றார் ட்யூப்லைட்.

பிப்ரவரி 14

பல்லை எடுத்தாச்சு — இனி இல்லை.
வாடகைக்கு வீடு எடுத்தாச்சு — இனி உண்டு.

பல்கலைக்கழகத்தில் இது கிடைத்திருந்தால் மகிழ்ந்துபோய் ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 17

மேலாளரிடம் போனேன்.

“ஒரு வார்த்தைக்காகவா வந்தீங்க?”

“அதை ரெண்டு வார்த்தையா ஆக்கணும் சார். நிறுத்தியாச்சு, இல்லைன்னா ஓடுது. கண்ட்ரோல் ரூம் ஆளுங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசவிட்டாப் போதும்.”

“அவங்க கம்பெனி ஆளுங்கப்பா. அவங்க வகுப்பு மாடியில. நீங்க காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மட்டும்தான். வகுப்புல காட்டுற படம் எல்லாம் தலைமை அலுவலகம் ஒத்துக்கிட்டது. ஒரு புள்ளிகூட மாத்த முடியாது.” பிறகு அன்பாகவே, “டீ சாப்பிடுறீங்களா?”

சாப்பிட்டேன். கோபமாக எழுந்து வந்திருக்கலாம். டீ நன்றாக இருந்தது.

என் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: அந்தச் சொல்லைக் கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 18

மாமாவிடமும் சொன்னேன்.

“நீதான் வகுப்புல கரடியாக் கத்துறியே, கேக்காமலா இருக்கேன்? டெஸ்டர் வெச்சுப் பாக்காம நாங்க தொடுறதே இல்ல மாப்ள.”

“எத்தனை டெஸ்டர் இருக்கு?”

“ஒண்ணு.”

“ரெண்டு இடத்துல வேலை நடந்தா?”

யோசித்தார். “முதல்ல வந்தவனுக்கு.”

“கேட்டு இன்னொண்ணு வாங்குங்க மாமா.”

“கேட்டாச்சு, கேட்டாச்சு. கேட்டுக் கேட்டு வாயில நுரை தள்ளினதுதான் மிச்சம். நீ சாப்பிடு.”

பிப்ரவரி 26

யாரிடமும் கேட்காமல் கண்ட்ரோல் ரூமுக்கே போனேன். என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாயசைவு மட்டும் தெரிந்தது.

மார்ச் 4

மாமா.

மார்ச் 5

என்னத்தை எழுதுறது.

தீக்காயம். இரண்டு கைகளும். கழுத்து. முகத்தில் ஒரு பக்கம். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஒன்றுமில்லை. அப்படித்தான் சொன்னார்.

மருத்துவமனை நடையில் ட்யூப்லைட் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“டெஸ்டர் உலைப் பக்கம் போயிருந்துச்சு சார். கன்வேயர் நிக்குது, நிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்திக்கிட்டே இருந்தான். எட்டாம் லைனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தோம். அண்ணன் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, ‘எட்டு என்னாச்சு’ன்னாரு.”

எதிர்முனையில் இருந்தவர், அதே லைனை ஓடவிடச் சொல்லிக் காத்திருந்த வேறு பகுதி ஆள் பேசுவதாக நினைத்திருக்கிறார். எடுத்தாச்சு என்றிருக்கிறார். சந்தோஷமாகக்கூட.

“எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு சார். வகுப்புல பேசினோமே. அண்ணான்னு கூப்பிட வாயைத் திறந்தேன். அதுக்குள்ள...”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“நீதானேடா அங்க பாடம் நடத்துறே?”

மார்ச் 11

மாமா இன்று பேசினார். கட்டுப் போட்ட கைகள் இரண்டையும் தலையணை மேல் வைத்திருந்தார்கள், யாருடையதோ போல.

“வாத்தியாரே, நான் பெயிலா?”

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவருக்கும் முகம் ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 19

விசாரணை. நீள மேசை. அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் நான்.

“அவர் உங்க வகுப்புக்கு வந்திருக்காரா?”

“வந்திருக்கார்.”

“தொடுறதுக்கு முன்னாடி சோதிக்கணும்னு சொல்லிக் கொடுத்தீங்களா?”

“சொன்னேன். ஆனா டெஸ்டர் அங்க—”

“சொல்லிக் கொடுத்தீங்களா, இல்லையா?”

“சொன்னேன்.”

“அவருக்குப் புரிஞ்சுதா?”

இல்லை என்றால் பொய். என் வேலை போகும். அதற்குக்கூடத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னார். மைத்துனன் மானம் போகக்கூடாதென்று.

“புரிஞ்சுது.”

எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு அர்த்தம், கண்ட்ரோல் ரூமில் ஒன்று, கேபிள்காரர்களிடம் ஒன்று. நடுவில் உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஆக, அவர் சோதிச்சிருந்தா இது நடந்திருக்காது. அப்படித்தானே?”

அப்படித்தான். அப்படித்தானே.

மார்ச் 27

முடிவு வந்துவிட்டது. முறையான பயிற்சி பெற்றிருந்தும் சோதிக்கத் தவறினார். காண்ட்ராக்ட்காரர் போனிலேயே மாமாவின் கணக்கை முடித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பதுதான் மாமாவின் தவறுக்குச் சாட்சி. மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால்? அவர் வகுப்பில் தூங்கியே போயிருந்தால்?

“நீ உண்மையைத்தானே சொன்னே மாப்ள” என்றார் மாமா.

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கழுவப் பாத்திரம் எதுவும் கிடக்கவில்லை. மதியமே கழுவி முடித்திருந்தாள்.

ஏப்ரல் 2

வேலையை விடுவதாக அக்காவிடம் சொன்னேன்.

“விட்டுட்டு?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இந்த வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்.

ஏப்ரல் 9

மாமா கையால் சோற்றைப் பிசையப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. யாரும் பார்க்காத மாதிரி நாங்கள் எல்லாரும் டிவியைப் பார்த்தோம். அது போட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 21

தலைமை அலுவலகத்திலிருந்து புதிய படம் ஒன்று வந்திருக்கிறது. ஆகவே, மாற்ற முடிகிறது. முகமில்லாத ஓர் உருவம், திறந்த பெட்டியின் முன்னால். கீழே இரண்டு வரி. தமிழில் எழுதித் தரச் சொன்னார் மேலாளர், எழுதித் தந்தேன். ‘இவர் பயிற்சி பெற்றவர். சோதிக்க மறந்தார்.’ முதலில் ‘மறந்தார்’ என்று எழுதவில்லை. ‘சோதிக்க வழியில்லை’ என்று எழுதினேன். மேலாளர் அடித்துவிட்டு, “தமிழ் உங்களுக்குச் சொல்லித் தரணுமா?” என்றார்.

இன்று முதல் தடவையாகத் திரையில் போட்டேன். புதிய ஆட்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆச்சரியமாக, எல்லாரும் விழித்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் கை தூக்கினார்.

“அந்த ஆள் இப்ப எங்க சார் இருக்காரு?”

“வீட்ல.”

“நல்லா இருக்காரா?”

காலையில் மாமாவுக்கு நான்தான் சட்டை போட்டுவிட்டு வந்தேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பொத்தானைப் போடும்போது தோல் இழுக்குமே என்று பயந்தேன். மாமா முகத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றார். வாத்தியார் என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தி வெகுநாளாகிறது.

கேட்டவர் கையை இறக்காமல் இருந்தார்.

அடுத்த படத்துக்கான பொத்தானை அழுத்தினேன்.