அண்ணன் பள்ளத்தாக்கில் இறங்கிய ஞாயிறு

என் பிரியமான அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. அத்தனை மாதமும் நான் காட்டுப் பக்கமே போகவில்லை. போன ஞாயிறுதான் நம் பள்ளத்தாக்கில் மறுபடி இறங்கினேன். கூட வந்தது யார் தெரியுமா? அண்ணன். நம்புகிறீர்களா?

பன்னிரண்டு வருடம் நீங்களும் நானும் பினாங்கு மலைச் சரிவுகளில் ஏறி இறங்கினோம். ஒரு நாளாவது அவர் வந்ததுண்டா? "காட்டுல என்னா இருக்கு? குரங்கும் அட்டையும்தானே" என்பார். பாயான் பாரு தொழிற்சாலையில் ஆறு நாள் நின்ற கால்கள் ஏழாம் நாள் சோபாவை விட்டு இறங்காது. நீங்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், "ஒரு தடவையாச்சும் அவரு வந்து பார்த்திருக்கலாம்" என்றீர்களே. அதற்குப் பிறகு அவருக்கு முகம் கொடுத்துப் பேச எனக்கு மனமே வரவில்லை.

அப்படிப்பட்டவர் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கேட் முன்னால் நிற்கிறார். காலில் புதுச் சப்பாத்து. ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எங்கதான் போவீங்க? என்னையும் கூட்டிட்டுப் போம்மா."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். முடியவில்லை.

முதல் நாள் பெய்த மழையில் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் கறுத்து மினுங்கின. பெரணிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் ஓடை இரைந்தது. மரங்கள் மேலே கைகோத்து நின்றதால் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கியது. அண்ணன் வேர்களைப் பிடித்துப் பிடித்து வந்தார். பாதி வழியில் மூச்சு வாங்க, பக்கத்து மரத்தில் சாயக் கையை நீட்டினார்.

"அண்ணே, கையை எடுங்க!"

அவர் தொடப்போன இடத்தில் மரப்பட்டை கண் திறந்திருந்தது. குபோங்! மரம் விட்டு மரம் மிதக்குமே, அதுதான். பூனையளவு உடம்பு, பாசி படிந்த பட்டை போலவே நிறம். வயிற்றுத் தோலின் மடிப்புக்குள்ளிருந்து குட்டி ஒன்று தலையை நீட்டி அண்ணனைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இரண்டு பேருமே அசையவில்லை.

பிறகு தாய் விறுவிறுவென்று மேலே ஏறியது. ஒரு நொடி நின்றது. குட்டியைச் சுமந்தபடி குதித்தது. கழுத்திலிருந்து வால் நுனி வரை தோல் சதுரமாக விரிய, ஓடைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லாமல் மிதந்துபோய் எதிர்ப் பாறையோரத்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அப்படித்தான், இல்லையா அண்ணி?

அண்ணன் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதையெல்லாம் அவ என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னாங்க அண்ணே. ஒவ்வொரு ஞாயிறும் வந்து சொன்னாங்க. நீங்க டிவி பார்த்துக்கிட்டு இருப்பீங்க."

சொன்ன பிறகு எனக்கே வலித்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பிப் போக எழுந்தபோது, வயதான சீனத் தம்பதி ஒன்று எங்களைக் கடந்து இறங்கியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களை நிறுத்தினார். "அங்கிள், அத்தாஸ்! மேல பாருங்க லா!" அவர்களுக்குப் பட்டைதான் தெரிந்தது. அண்ணன் விடவில்லை. தமிழும் மலாயும் கலந்து, கைகளை அகல விரித்து, அது எப்படி மிதந்தது என்று பாறை மேல் நின்று செய்துகாட்டினார். கடைசியில் அந்த அம்மா "ஆ!" என்று வாயைப் பொத்திக்கொண்டதும் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இனி அவரைத் தனியாகக் காட்டுக்குப் போக விடமாட்டேன், அண்ணி. நானும் அவரோடு பேசாமல் இருக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் நாத்தனார்,
சாந்தி