தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் சேட்டைக்கார அண்ணனுக்கு,

சாரல் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று தென்காசியிலிருந்து வந்த அப்பா சொன்னார். நீ இருந்தால் இந்நேரம் வண்டி பூட்டியிருப்பாய். மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகுதான் எனக்குக் கல்யாணமாகி, இந்த அச்சன்புதூருக்கு வந்தேன்.

உனக்கு மருமகன் பிறந்திருக்கிறான். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது.

சின்ன வயதில் நீ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? "ஏட்டி செண்பகம், நீ அம்மைக்குப் பொறக்கலட்டி. உன்னை ஒரு மொறம் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பாய். சாரல் மூடிய பகலில் கொல்லைப்புறம் போய், இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக்கொண்டு, "வித்த புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்று பெண் குரலில் கூப்பிடுவாய். நான் நெல் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "ஏலே, அவளை ஏம்லே பயங்காட்டுத?" என்று அம்மா அகப்பையோடு துரத்துவாள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? ஐந்தருவியில் நீ குளிக்கும்போது உன் வேட்டியை எடுத்து வண்டி வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டேன். ஊர் பார்க்க, ஈரத் துண்டோடு வீடு வந்து சேர்ந்தாய். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்தச் சிரட்டைச் சத்தத்தை நினைத்துச் சிரிக்க முடியவில்லை அண்ணே. என் மூத்தவள் தொட்டிலில் கிடந்தபோது, இதே மாதிரி ஒரு சாரல் பகலில், கொல்லையில் அது கேட்டது. உன் தட்டேதான். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை. அந்த வாரமே பிள்ளை போய்விட்டாள். அடுத்துப் பிறந்த பையனுக்கும் அப்படியே. "தாய்மாமன் ஆசையாக் கூப்பிடுதான், நாம என்ன செய்ய?" என்றாள் என் மாமியார். நீயா? என் பிள்ளைகளையா? எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதனால் இவன் பிறந்ததும் மாமியார் முந்திக்கொண்டாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்வதுதானே. பக்கத்து வீட்டு மாரியக்காளுக்கு இவனைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். தவிட்டான் என்று பேரும் வைத்தாயிற்று. "இனிமே இவன் ஒம் புள்ளை இல்லை. எது கேட்டு வந்தாலும் அப்படியே சொல்லணும்" என்றாள். பார்த்தாயா, நீ சொன்ன பொய்யை என் வீட்டில் உண்மையாக்கிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி அந்தச் சத்தம். பிள்ளை அழவில்லை. கொல்லை வாசலைப் பார்த்துச் சிரித்தான். கதவைத் திறந்து கத்தினேன். "இவன் எம் புள்ளை இல்லண்ணே! தவிட்டுக்கு வாங்கினது! இவனுக்கு நீ மாமன் இல்லை, போயிரு!"

சத்தம் நின்றது. உன்னை இப்படி விரட்டிவிட்டேனே என்று படியில் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்த பிறகுதான் பார்த்தேன். கடைசிப் படியில் இரண்டு சிரட்டைகள் இருந்தன. ஒன்று நிறையத் தவிடு. அத்தனை சாரலிலும் அது நனையவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் அண்ணே? பிள்ளைக்கு விலை பேசுகிறாயா? இல்லை, பழையபடி என்னைக் கேலி செய்கிறாயா? அந்தத் தவிட்டை மாட்டுக்குப் போடவும் மனசு வரவில்லை, அடுக்களையில் மூடி வைத்திருக்கிறேன்.

வாரம் கழிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நன்றாகப் பால் குடிக்கிறான். ஆவணியில் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? சித்தப்பா மகன் உட்காரட்டும் என்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஐந்தருவியிலிருந்து நீ கட்டிக்கொண்டு வந்த அந்தத் துண்டை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைப் பலகையில் விரித்து, அதன்மேல்தான் உன் மருமகனை உட்காரவைப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. யார் பெற்ற பிள்ளை என்று ஊருக்கு என்ன சொன்னாலும், அவனுக்கு மாமன் நீதான். வா, மடியில் வைத்துக்கொள். ஊசி பட்டதும் அழுவான், சிரட்டை தட்டிச் சிரிக்க வை.

எழுந்து போகும்போது மட்டும், அவனை இறக்கி விட்டுவிட்டுப் போ.

நீ தவிட்டுக்கு வாங்கிய தங்கை,
செண்பகம்