லான் அவித்துக் கொண்டுவந்த சூப்

21.04.2006, வெள்ளி

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் லான், இன்று வேலை முடிந்ததும் ஒரு வியட்நாம் கடைக்குக் கூட்டிப்போனாள். கோப்பையில் சூப். மேலே இரத்தச் சிவப்பாய் மாட்டிறைச்சிச் சீவல், பச்சைப் பயறுமுளை. பிள்ளைத்தாச்சிகளுக்கு இரண்டும் வேகாமல் கூடாதென்று மருத்துவச்சி தந்த தாளில் இருக்கிறது.

ஆனால் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்வதில்லை என்று இவரும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். போன முறை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்காய், இல்லையென்றும் சொல்ல வேண்டி வந்தது.

“தபசுகாலம். வெள்ளியில இறைச்சி தின்னமாட்டன்” என்றேன்.

லான் என்னையே பார்த்தாள். அவளும் எங்கள் கோயிலுக்கு வருகிறவள். போன கிழமை உயிர்த்த ஞாயிறுப் பூசையில் எனக்கு முன்வாங்கில் இருந்தவள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் அன்றோடு முடிந்துவிட்டது. என்ன மடத்தனம்!

லான் கோப்பையைக் கடைக் குசினிக்குள் கொண்டுபோனாள். இறைச்சி சாம்பல் நிறத்தில் வெந்து வந்தது. முளையும் அவிந்திருந்தது.

“எத்தனை கிழமை?”

“ஒன்பது.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீ வடிவாச் சாப்பிடு.”

லானுக்குத் தெரியுமென்று இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சூப்பில் ஒரு சொட்டும் மிச்சம் விடவில்லை.