ஓரத்தில் ஒரு பிள்ளையார் சுழி

இன்று காலை, பனியனில் படம் பதிக்கும் ஹீட் பிரஸ்ஸின் மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை எழுந்தது. சூடேறிய காகிதமும் புதுத் துணியும் கலந்த வாசனை. நீ போன பிறகு இந்தக் கடையில் தனியாக இருக்க ஒருவாறு பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மூடிக்கு அடியில் இருந்தது உன் முகம்.

உன் மகள் போன வாரம் கேட்டு வந்தாள். உன் வருஷ திதியை ஒட்டி வரும் பௌர்ணமியன்று, கிரிவலம் போகிறவர்களுக்குச் செங்கம் சாலையில் அன்னதானம் செய்கிறாள். பரிமாறுகிறவர்களுக்கு உன் படம் போட்ட பனியன் வேண்டும்.

"பாலியஸ்டர்ல போட்டுடுங்க ஆன்ட்டி. கலர் போகவே போகாதாமே."

அவள் சொன்னது சரிதான். அந்தத் துணிக்கான மை நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஆனால் நீ இருந்திருந்தால், "அத்த மாட்டிக்கினு சோறு போடச் சொல்லு பாக்கலாம், வேர்வைல வெந்துடுவாங்க" என்றிருப்பாய். அதனால் மஞ்சள் பருத்திதான். துவைத்தாலும் கரையாத பிக்மென்ட் மை, கலர் துணிக்கான தடித்த காகிதம். விலை கம்மி என்று சாதாரண மையை வாங்கி நம் முதல் ஆர்டரைத் துவைத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? மொட்டை மாடிக் கொடி முழுக்க நீலம் வழிந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அன்று சாப்பிடவில்லை.

வெள்ளைத் துணிக்கான காகிதத்தில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். அது துணியில் கவிழும்போது நேராகிவிடும். கலர் துணிக்கான காகிதம் கவிழ்வதில்லை, ஆகவே நேராகவே அச்சிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நீ ஒரு 'உ' போடுவாய். அச்சானதும் அதைக் கத்தரித்துவிடுவாய். என்னோடு ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தவள் இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சல்.

"பிரிண்டருக்குமா பூசை?"

"போடி இவளே. சாமிக்கு இல்ல, எனக்கு. எழுத்து திரும்பினா கண்ணு கண்டுபிடிச்சிடும். மூஞ்சி திரும்பினா கண்டுபிடிக்காது."

நான் அதைப் போடுவதில்லை. நேற்று வெள்ளைப் பனியன்களுக்காக மாற்றிய அமைப்பு பிரிண்டரில் அப்படியே இருந்திருக்கிறது. இன்று மூடியைத் தூக்கியபோது உன் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

மாதிரி பார்க்க வந்த உன் மகள் பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு கண் கலங்கினாள். "அம்மா அப்படியே இருக்காங்க ஆன்ட்டி."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பரிமாறுகிற அவசரத்தில் யார் மச்சத்தைப் பார்க்கப் போகிறார்கள்? முடியவில்லை. வேறு தாளில் நேராக அச்சிட்டு, இன்னொரு பனியனில் அழுத்தி, பக்கத்தில் வைத்தேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் போனைத் திறந்து, உன்னோடு எடுத்த செல்ஃபிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவற்றில் பல, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியவை.

பிறகு சின்னக் குரலில் கேட்டாள்: "இதுல எது ஆன்ட்டி அம்மா?"

இரண்டாவதைத் தொட்டுக் காட்டினேன். இந்த மெஷின் அருகே நீ நின்றபோது நான் எடுத்த படம் அது, சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் காட்டுவதற்கு முன் ஒரு நொடி என் விரல் நின்றது. அதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. பெற்ற மகளுக்கே ஒரு வருடத்தில் இப்படி என்றால், எனக்கு இன்னும் எத்தனை நாள்?

அவள் போன பிறகு மீதிப் பனியன்களுக்கான தாள்களை அச்சிட்டேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'உ' போட்டேன். எனக்கு இன்றும் சாமி நம்பிக்கை கிடையாது.

மச்சம் உன் இடது கன்னத்தில். எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு வலப்பக்கம். கத்தரித்துக்கொண்டே, யாரும் கேட்காமல், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.