ராகு காலம் கழித்து ஏறிய வீடு

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன், போனில்தான் முகத்தைப் பார்த்தேனே, கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இப்படித்தான் ஆகும், ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் மறித்துவிடுகிறாய், கடிதத்தில் மறிக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உலகச் சூட்டை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்துவோம் என்று எல்லா தேசமும் சேர்ந்து சொன்னது கைநழுவிப் போகிறது, இனிக் கடல் ஏறிக்கொண்டேதான் வரும், வீட்டை விற்றுவிட்டு ஆவடிப் பக்கம் பிளாட்டுக்குப் போங்கள் என்று அழாத குறையாகச் சொன்னாய். நீ சொல்வது பொய்யில்லை, மழை என்றால் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டுகிறது, வெயில் என்றால் ராத்திரியிலும் சுவர் சுடுகிறது. ஆனால் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ரோட்டர்டாமில் உட்கார்ந்துகொண்டு எங்களை மேட்டுக்குப் போகச் சொல்கிறாயே, அதை நினைத்து நானும் அப்பாவும் ஒரு நாள் முழுக்கச் சிரித்தோம். அப்பா இன்னொன்றும் சொன்னார், பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவர் அவர், மறுபடி எழுதித்தான் துறைமுகத்தில் கிரேன் வேலைக்குப் போனார், கோட்டை விட்டவர்கள் பரீட்சை ஹாலை விட்டு ஓடிவிடக் கூடாது, ஒன்றரை போனாலும் அடுத்து வருகிற மார்க்கையாவது பிடிக்க வேண்டும் என்றார்.

அதனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டோம், கோபப்படாதே. வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கிவிட்டோம். ரோடு போடப் போட நம் வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது உனக்கே தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்கும் நமக்கும் நடுச்சுவர் ஒன்றுதானே, ஒன்றை மட்டும் தூக்கினால் சுவர் பிளந்துவிடும், தூக்கினால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். குப்பம்மா உடனே சரி என்றாள். அவள் வீட்டுக்காரர் மனோகரன்தான் வூடு இன்னா லிப்டா, மேல ஏத்தி கீழ எறக்கிக்கினு இருக்கறதுக்கு என்று குதித்தார். போன மழையில உன் கட்டிலு மெதந்துச்சே, அப்போ எங்க போச்சு இந்த வாயி என்று குப்பம்மா கேட்டாள், மனுஷன் சம்மதித்துவிட்டார்.

முதல் நாள் நடந்த கூத்தைக் கேள். வீடு மந்திரிக்காமல் ஜாக்கி போடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன், பங்குச் சாமியார் தந்த நேரம் வெள்ளிக்கிழமை பதினொரு மணி. ஐயையோ அக்கா, அது ராகு காலமாச்சே, அந்த நேரத்துல வூட்ல கை வெச்சா வெளங்குமா என்று குப்பம்மா. கடைசியில் சாமியார் வந்து இரண்டு வீட்டுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார், ஆட்கள் பன்னிரண்டு மணி வரை டீ குடித்தார்கள், குப்பம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், மேஸ்திரி விசில் ஊதினார், எல்லா ஜாக்கியும் ஒரே நேரத்தில் திரும்பின. வெளியே நின்று நான் செபமாலை சொல்கிறேன், உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம். காத்திருந்து சலித்துப்போய் அப்பா குளிக்கப் போனதை ஒருவரும் பார்க்கவில்லை, நிலை இறுகி பாத்ரூம் கதவு மாட்டிக்கொண்டது. கதவைப் பெயர்த்து எடுத்தபோது இடுப்பில் துண்டோடு தலையெல்லாம் சோப்பாக நின்று, உங்க ரெண்டு சாமியும் சேர்ந்து என்னத்தான் மொதல்ல தூக்கப் பாத்துச்சு என்றார். தெருவே சிரித்தது.

போன வாரம் பெருமழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் சந்துக்குள் வாடகைக்கு இருக்கிற இட்லிக்கடை ராஜாத்தியின் வீடு முழுகிவிட்டது, அவளை யார் தூக்குவது? பிள்ளைகளோடு நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நம் அடுப்பில் இட்லி அவித்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். நான்தான் அப்பவே சொன்னேன்ல, தூக்கிடலாம்னு என்று மனோகரன் வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவடிப் பிளாட்டில் யார் வந்து என் கதவைத் தட்டுவார்கள், சொல்லு.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். இன்னும் ஒரு தடவை தூக்கலாம், அதற்கு மேல் இந்தச் சுவர் தாங்காது என்று மேஸ்திரி போகும்போது சொன்னார். அந்த நாள் என் காலத்திலேயே வரலாம். வந்தால் கௌரவம் பார்க்க மாட்டேன், நானே போன் போட்டு வாம்மா, வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்பேன். அதுவரைக்கும் வீட்டை விற்கச் சொல்லாதே கண்ணு.

தேவன் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், இரவு செபத்தை விடாதே. கிறிஸ்மஸுக்கு வரும்போது வாசலில் பார்த்து ஏறு. புதிதாக நாலு படி வந்திருக்கிறது, ஓடிவருகிற பழக்கத்தில் இடறி விழுந்துவிடுவாய்.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
பிலோமி ஹென்றி