மதினி போட்ட தோட்டம்

என் உயிரான மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று ஆடி கழிந்துவிட்டது. உங்கள் மகள் ராசாத்தி என்னோடு மலைக்குக் கீழே போடியில்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். பெற்றவள் முகம் அவளுக்கு நினைவில்லை. உங்கள் கோபம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது. நான் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போகிறேன். அண்ணன் மலையிலேயே இருக்கிறான். அவன் இருக்கும் கோலத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தேவாரம் ஊரிலிருந்து வாக்கப்பட்டு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த முதல் வாரமே, வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவைக் கொத்தத் தொடங்கினீர்கள். எஸ்டேட் கடையில் நிறுத்துப் போட்ட வாடிய கத்திரிக்காயைப் பார்த்து, "இதத் தின்னுட்டுக் காடு ஏறணுமாக்கும்? மண்ணு சும்மாதான கெடக்கு" என்றீர்கள். கல் அடுக்கி மண்ணை நிறுத்தினீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், காய்த்தோல், எதையும் வீணாக்கவில்லை. அவரையும் பூசணியும் சேம்பும் கீரையும் லயம் முழுக்கப் போயின.

வாழை மட்டும் வேண்டாம் என்றார் கங்காணி. "யானை மோந்துக்கிட்டு வந்துரும் ஆத்தா."

ராசாத்தி பிறந்ததிலிருந்து சீக்குப்பிள்ளை. பழம் மசித்துக் கொடுத்தால்தான் அவள் வயிற்றில் தங்கும். அந்த மலையில் பழத்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? நாலு கன்று வைத்தீர்கள்.

அந்த ஆடியில் மழை விடவேயில்லை. குரங்கணிப் பாதை சரிந்து, அரிசி ஏற்றிவரும் கழுதைகள் நின்றுபோயின. "ஸ்டோர்ல ஒரு மணி அரிசி இல்ல" என்று கங்காணி கையை விரித்தார். அப்புறம் லயமே உங்கள் தோட்டத்தைத்தான் தின்றது. சேம்பைத் தோண்டி, பூசணித் தளிரைக்கூட விடாமல் வேகவைத்து, பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றினீர்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் மதினி? நான் பார்க்கவேயில்லை.

அன்று காலை நல்ல மூடுபனி. வாழை முறியும் சத்தம் கேட்டது. அண்ணன் கதவை மறித்து நின்றான்.

"போகாத புள்ள, குட்டியோட வந்திருக்கு."

"வாழையத் தின்னுட்டுப் போகட்டும். சேம்ப மிதிச்சுப்புட்டா நாளைக்கு இத்தன பேரு என்னத்தத் திங்கிறது?"

அவன் கையைத் தட்டிவிட்டுத் தகரத்தோடு போனீர்கள். தகரச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

எடுத்து வந்தபோது உங்கள் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை.

மழையிலேயே அடக்கம் செய்தோம். திரும்பி வந்த அண்ணன் அரிவாளை எடுத்து மிச்சமிருந்த வாழையை வெட்டினான். அவரைப்பந்தலைச் சாய்த்தான். கடைசியில் சேம்பையும் வெட்டிப் போட்டான். லயத்துச் சனம் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றது. அவனைத் தடுக்க யாருக்கு மனசு வரும்?

பாதை சரியான பிறகுதான் தெரிந்தது, ஸ்டோரில் அரிசி இருந்திருக்கிறது. மேனேஜர் பங்களாவுக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். புது மூடை இறக்கப் போன கழுதைக்காரர், பழைய மூடைகள் புழுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அண்ணன் கங்காணியிடம் போய்க் கேட்டான்.

"நான் என்னப்பா செய்வேன்? சாவி எங்கிட்டயா இருக்கு?"

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து அண்ணன் காய், கீரை எதையும் தொடுவதில்லை. கஞ்சியும் உப்பும்தான். ஈறெல்லாம் இரத்தம் கசிகிறது. போன மாதம் போய், "எறங்கி வாண்ணே, புள்ள ஒன்னத் தேடுது" என்றேன். "அவ இங்கன கெடக்கா. நான் எங்க வர்றது?" என்றான். ரொம்ப நாள் இருக்கமாட்டான் மதினி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

லயத்தில் மறுபடி தோட்டம் போட்டிருக்கிறார்கள், வாழை இல்லாமல். நானும் இங்கே வாடகை வீட்டுக்குப் பின்னால் கத்திரியும் வெண்டையும் போட்டிருக்கிறேன். ஒரு வருசம் மண்வெட்டியைத் தொட முடியவில்லை. பிள்ளைக்கு வயிறு இருக்கிறதே, என்ன செய்வது?

போன வாரம் ராசாத்தி கேட்டாள்: "அத்தே, எங்கம்மாவ யானைதான கொன்னுச்சு?" ஊர் அப்படித்தான் சொல்கிறது. வாழை வைத்து யானையை வரவழைத்தவள் என்றும் சொல்கிறது. சின்னப்பிள்ளை என்று நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டேன்.

விவரம் தெரிந்து அவள் மறுபடி கேட்பாள். அன்றைக்கு யானையிலிருந்து தொடங்கமாட்டேன். பூட்டிக் கிடந்த அந்த அரிசியிலிருந்து தொடங்குவேன். யாருக்குப் பயந்தும் ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன்.

உங்கள் மகளை வளர்க்கும்
நாத்தனார் பேச்சியம்மா