காதோரத்து வெட்டு

ஐப்பசி 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். டோபி காட் வண்ணான் புடவைகளைக் கொண்டுவரவில்லை. வெயில் இல்லையாம். ராத்திரி ஆட்டத்தில் ராணிக்குப் பழைய பச்சைதான்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கொட்டகைக்காரர் மரைக்காயரும் கூட இருந்தார். மரைக்காயருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"தம்பி ரத்தினம், மண்ணெண்ணெய் விளக்கு எரிஞ்ச மட்டும் ஒண்ணும் தெரியல. எலெக்ட்ரிக் போட்டதுலேருந்து முன் பெஞ்சுக்காரன் உங்க தாடையைத்தான் பார்க்கிறான்."

முதலாளி கூரையைப் பார்த்தபடி, "பினாங்குல பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். குரல் சுமார்தான். முகம் நல்லா இருக்கு" என்றார்.

சரி என்றேன். பத்து வருஷமாக இந்த நாடகக் கம்பெனியில் ஸ்திரீ பார்ட் நான். இருபத்தெட்டு வயது. ஊரில் இந்த வயதுக்காரனுக்கு இப்போதுதான் பெண் பார்ப்பார்கள். பொம்பளை வேஷம் கட்டுகிறவனுக்கு இது கிழடு.

மாடி அறைக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தேன்.
இடது கண்ணுக்குக் கீழே பை.
வாயோரம் கோடு, இரண்டு பக்கமும்.
தாடை: தொங்கல். கொஞ்சம்.
நெற்றி பரவாயில்லை.
கோழி வாங்குகிறவன் போலத் தடவிப் பார்த்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

ஐப்பசி 11, புதன்

மழை இல்லை. புழுக்கம். பூரான் ஒன்று டிரங்குப் பெட்டிக்குள்.

மரைக்காயர் வந்தார். கடற்கரை ஓட்டலில் ஒரு வெள்ளைக்கார சர்ஜன் வந்து தங்கியிருக்கிறாராம். பத்தாவியாப் பட்டணத்தில் துரைசானிகளுக்கு முகம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். காதுக்கு முன்னால் வெட்டி, தோலை இழுத்து, மிச்சத்தை நறுக்கித் தைப்பது.

"வேட்டி தளர்ந்தா இழுத்துச் சொருகுறோமில்லையா, அந்த மாதிரிதான்."

வேட்டிக்கு ரத்தம் வராது என்றேன். சிரித்தார். செலவு அவருடையது. தீபாவளி ஆட்டத்தோடு கொட்டகையை மூடி, தை மாதம் வரை கூரை மாற்றுகிறார்கள். அதற்குள் ஆறிவிடும். சர்ஜனின் கப்பல் தீபாவளி கழித்துப் போகிறது. கேட்காமலே எல்லாம் பொருந்தி வருகிறது. முகம் சரியானால் தையில் நான்தான் ராணி. இல்லையென்றால் பையன். என் போட்டோவையும் ஏற்கெனவே ஓட்டலுக்கு அனுப்பிவிட்டாராம்.

ஐப்பசி 13, வெள்ளி

ஓட்டலுக்குப் போனேன். நம்மவர்களுக்குச் சமையல்கட்டு வழி. ஆட்டிறைச்சி வாசனை.

சர்ஜனுக்குத் துணை, தம்பையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர், காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர். என் வேட்டியையும் கொண்டையையும் பார்த்து முழித்தார்.

"நோயாளி எங்கை? அந்தப் பொம்பிளை வரேல்லையோ?"

நான்தான் என்றேன். மேஜைமேல் என் போட்டோ. நெற்றிச்சுட்டி, புல்லாக்கு, ஒட்டியாணம். மரைக்காயர் எங்களிடம் இருந்ததிலேயே நல்ல படத்தை அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு வேஷப் படம்தானே படம். என் சொந்த முகத்தை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

துரை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். படத்தின்மேல் எங்கே வெட்டுவது என்று பென்சிலால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார், பாவம். இனி வேறு கோடு. ஆணுக்குத் தாடி உண்டு. கன்னத்தை இழுத்தால் தாடி முளைக்கிற தோல் காதடிக்கு வந்துவிடும்.

"இனிமேல் காதுக்குள்ளையும் வழிக்க வேணும் எண்டு துரை சொல்றார்."

துரை இரண்டு கட்டைவிரலால் என் கன்னங்களைக் காதுப் பக்கம் தள்ளிப் பிடித்தார். டிரெஸ்ஸர் கண்ணாடி காட்டினார். அதில் பதினெட்டு வயசு ரத்தினம். முதன்முதலாக நாகப்பட்டினத்தில் வேஷம் கட்டியபோது இருந்த முகம். பார்த்தேன். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. தெரிந்தவனைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த வயதில் செய்யலாமா என்று கேட்டேன். துரைசானிகள் ஐம்பதில் வருகிறார்களாம். இளந்தோல் இழுத்த இடத்தில் நன்றாக நிற்குமாம். ஆனால் வயது நிற்காது, மறுபடி தொங்கும், மறுபடி வெட்ட வேண்டும். "நேரத்தோடை தொடங்கினால் கனதரம் செய்ய வேண்டி வரும், அவ்வளவுதான்" என்றார் டிரெஸ்ஸர்.

வலி?

"ஊசி போட்டால் வலி தெரியாது. பிறகு காதடியும் கன்னமும் கன நாளுக்கு மரத்துக் கிடக்கும். சிலருக்கு உணர்ச்சி திரும்பி வாறதே இல்லை. பார்க்கிற ஆக்களுக்கு அது தெரியப்போறதில்லைத்தானே."

ஐப்பசி 14, சனி

ஆட்டம் இருந்தது. கூட்டம் சுமார். முன் பெஞ்சில் கடலைத் தோல்.

கோ. பற்றி எழுத வேண்டும். கோவிந்தண்ணன். எட்டு வருஷமாக எனக்கு ஜோடி ராஜபார்ட். இன்று வேஷம் கலைக்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் ஆர்மோனியக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல நின்னா அக்கா மாதிரி இருக்குய்யா. நான்தான் முதலாளிகிட்ட சொன்னேன்."

தேங்காய் எண்ணெயைத் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தேன். புடவையை மடித்தேன். சவுரியைச் சிக்கெடுத்தேன். கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை.

எனக்கு அவர்மேல் ஆசை. மேடையில் மட்டும் இல்லை. எழுதிப் பார்த்தேன், எழுதினால் என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகவில்லை. கீழே சீனன் மீ சேமியா விற்றுக்கொண்டு போகிறான்.

ஐப்பசி 17, செவ்வாய்

வண்ணான் வந்தான். ரோஜாப் பட்டில் கறை போகவில்லை.

சாயங்காலம் மறுபடி ஓட்டல். மரப்பு ஊசி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டுமாம். இடது கன்னத்தில் போட்டார்கள். மயக்கம் வரவில்லை. துரை ஊசியால் குத்திக் குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. யாரோ ஒருவர் கன்னத்தை நான் சுமந்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை வெட்டலாம் என்று முடிவு. தீபாவளிக்கு ராணி இல்லாத வேறு நாடகம் போட்டுக்கொள்கிறாராம் முதலாளி.

அங்கிருந்து நேரே கொட்டகை. அரிதாரம் பூசும்போது இடது பக்கம் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரிதான். பாட்டுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது. சமாளித்தேன்.

இரண்டாம் அங்கம், காட்டில் ராஜா ராணியைப் பிரிகிற கட்டம். ராஜா என் இடது கன்னத்தில் கை வைத்து முகத்தை நிமிர்த்துவார். எட்டு வருஷமாக ஆட்டம் உள்ள ஒவ்வொரு நாளும். காய்ச்சலில்கூட அந்தக் கட்டத்துக்காக வந்து நின்றிருக்கிறேன். இன்று கை வந்தது, கண்ணால் பார்த்தேன். கன்னத்தில் ஒன்றும் இல்லை. கையை எடுத்ததும் தெரியவில்லை. நான் நிமிர்ந்தபடியே நின்றேன்.

"தலையை இறக்குடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கூட்டம் கை தட்டியது. ராணி பிரமை பிடித்து நின்றாள் என்று நினைத்துவிட்டார்கள். முதலாளிக்குப் பரம திருப்தி.

ஐப்பசி 18, புதன்

கன்னத்துக்கு உயிர் வந்துவிட்டது. எறும்பு ஊர்கிற மாதிரி. நானே கை வைத்து வைத்துப் பார்த்தேன்.

யோசனை. வெட்டிக்கொண்டால் ராணி நான், கை வரும், தெரியாது. வெட்டிக்கொள்ளாவிட்டால் கன்னம் இருக்கும், கை பையனிடம் போகும். எந்தப் பக்கம் புரட்டினாலும் தோசை கருகித்தான் இருக்கிறது.

மரைக்காயர் ஆள் அனுப்பிக் கேட்டார். செவ்வாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 21, சனி

கனமழை. தேக்காப் பக்கம் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், எருமைகளுக்குக் கொண்டாட்டம். ஆட்டம் ரத்து.

கோ. என் அறைக்கு வந்தார். வருவதே இல்லை. காப்பி ஒரு தகரக் குவளையில். நின்றபடியே பேசினார்.

"செவ்வாய்க்கிழமையாமே."

"ஆமாண்ணே."

"ரொம்ப வலிக்குமா?"

"வலிக்காது. மரத்துப் போயிடும்."

"அப்ப செஞ்சுக்க. உன் நல்லதுக்குத்தான்." குவளையைப் பெட்டிமேல் வைத்தார். "அந்தப் பையனோட எனக்குச் சரிப்படாது. அவனுக்குத் தாளமே நிக்காதாம்."

போய்விட்டார். குவளையை விட்டுவிட்டுப் போனார். தாளத்துக்காவது நான் வேண்டியிருக்கிறது.

ஐப்பசி 24, செவ்வாய்

வானம் வெளுத்திருந்தது. குளித்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். முடியை இறுக்கிக் கட்டினேன். மரைக்காயர் ரிக்‌ஷா அனுப்பியிருந்தார்.

சிராங்கூன் ரோடு தாண்டியதும் ரிக்‌ஷாக்காரன் திரும்பி, "மானா பிகி?" என்றான். எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையாம். ஓட்டல் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கை கன்னத்தில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கைச் சூடு தெரிந்தது.

ஜாலான் புசார் என்றேன். வீட்டுக்குத் திருப்பினான்.

வழியில் இட்லி சாப்பிட்டேன். நாலு.

முதலாளியிடம் போய், வெட்டு வேண்டாம், பையனை வரவழையுங்கள் என்றேன். திட்டினார். மரைக்காயருக்கு யார் பதில் சொல்வது என்றார். அப்புறம், தாய் வேஷக் குப்புசாமி காய்ச்சலில் எழுந்திருக்கவில்லை, அதையாவது கட்டு என்றார். பையனுக்குப் பினாங்குக்குத் தந்தி. தீபாவளிக்கு வந்துவிடுவான். சரி என்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன். தூக்கம் வந்தது.

ஐப்பசி 27, வெள்ளி

தீபாவளி. விடியற்காலையிலேயே வெடி. எண்ணெய்க் குளியல். மரைக்காயர் இனிப்பு அனுப்பியிருந்தார். என்னோடு பேச்சில்லை.

பையன் நேற்றே வந்துவிட்டான். முகம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. காட்டுக் கட்டத்தைத் தட்டி மறைவில் நின்று பார்த்தேன். ராஜா கன்னத்தைத் தொட்டதும் அவன் கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டான். முன் பெஞ்சில் ஊளை.

எனக்கு வெள்ளைப் புடவை. தலையில் மாவு. கோடுகளை மறைக்க வேண்டியதில்லை. மையால் இன்னும் நாலு சேர்த்துக்கொண்டேன்.

கடைசி அங்கம். தோற்றுப்போன ராஜா தாயைத் தேடி வருகிறான், மடியில் தலை வைக்கிறான். எட்டு வருஷமாக இந்தக் கட்டத்தில் நான் உள்ளே நகை கழற்றிக்கொண்டிருப்பேன். பார்த்ததே இல்லை. கோ. வந்து மண்டியிட்டார். தலை மடியில் விழுந்தது, நல்ல கனம். தாய் மகன் முகத்தைத் தடவ வேண்டும். என் கை போனது. சொரசொரப்பு. வியர்வை. காதோரம் சூடு. அரிதாரம் விரலில் ஒட்டியது. எல்லாம் தெரிந்தது.

என் வசனம்: மகனே. வரவில்லை. தட்டி மறைவிலிருந்து முதலாளி எடுத்துக் கொடுத்தார். வரவில்லை. மறுபடி கொடுத்தார், கொஞ்சம் சத்தமாக. கொட்டகை முழுக்கக் காத்திருந்தது. கோ. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.